அனுஷத்தில் பிறந்த பிள்ளை

தம்பிக்குப் பெண் பிள்ளை பிறந்திருக்கிறது என்று செய்தி வந்தபோது நான் பக்கத்து வீட்டுக் கமெராவுக்குக் கை காட்டிக்கொண்டு நின்றேன்.

பைத்தியம் என்று நினைக்க வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் லண்டனில் இருக்கிறார்கள். அளவெட்டியில் எங்கள் ஒழுங்கையில் பாதி வீடுகள் இப்போது இப்படித்தான். புதுப் பெயின்ற், புதுக் கேற், மதிலில் கமெரா, உள்ளே ஒரு குருவி இல்லை. லண்டனில் இருந்துகொண்டே போனில் வீட்டைப் பார்ப்பார்களாம். அதில் ஒரு கமெரா என் முற்றத்தையும் சேர்த்துத்தான் பார்க்கிறது. முதலில் எனக்குக் கோபம் வந்தது. ஒருநாள் விளக்குமாற்றை ஓங்கியும் காட்டினேன். பிறகு யோசித்துப் பார்த்தேன், ஒரு நாளில் என்னைப் பார்க்கிற கண் அது ஒன்றுதானே. அன்றிலிருந்து முற்றம் கூட்டி முடித்ததும் கையை உயர்த்தி ஒரு காட்டு. லண்டனிலிருந்து இன்றுவரை யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

என் பெயர் உதயகலா. சங்கக்கடையில், கூட்டுறவுக் கடையில், மனேச்சராக இருந்து ஓய்வு எடுத்தவள். சண்டைக் காலத்தில் மண்ணெண்ணெய் வரிசையையும் சீனி வரிசையையும் கட்டி மேய்த்ததால் வாய் கொஞ்சம் பெரிது. எனக்குக் கலியாணம் சரிவரவில்லை. அதற்குச் சண்டையையும் சொல்லலாம், என் வாயையும் சொல்லலாம். ஒரே ஒரு முறை கிட்ட வந்தது. வட்டுக்கோட்டை மாப்பிள்ளை. கனடாவுக்குப் போய்க் கூப்பிடுகிறேன் என்றார். கூப்பிட்டார், வேறொருத்தியை.

தம்பி அருட்செல்வன் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். அம்மா போன பிறகு அவனுக்குச் சீப்பெடுத்துத் தலை இழுத்ததும் சோறு போட்டதும் நான்தான். இப்போது சுவிசில் ஒரு ரெஸ்ரோறண்டில் குசினி வேலை. கலியாணம் கட்டி ஒன்பது வருடம் பிள்ளை இல்லாமல் இருந்து, போகாத கோயில் எல்லாம் போய், அங்கத்தைய டொக்டர்மாரிடம் அலைந்து பிறந்த பிள்ளை. போனில் அவன் கதைக்கவில்லை. அழுதான். நானும் அழுதேன். கமெராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் அழுதேன், லண்டன்காரர் கலவரப்படக் கூடாது என்று.

அழுது முடித்து அவன் கேட்டது ஒன்றுதான்.

"அக்கா, சாத்திரியாரிட்டைப் போய் எழுத்துக் கேட்டுச் சொல்லுங்கோ. பேர் கெதியாய் வைக்க வேணும்."

பிள்ளை பிறந்த நட்சத்திரத்துக்கு என்று சில எழுத்துக்கள் உண்டு. அந்த எழுத்தில் தொடங்குகிற பேரைத்தான் எங்கள் சனம் வைக்கும். அவன் மனைவி தர்சினிக்கு இந்த விஷயங்களில் நல்ல நம்பிக்கை. ஒன்பது வருடம் காத்திருந்தவளுக்கு நம்பிக்கை இல்லாமல் எப்படி இருக்கும். நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கதிரவேலு சாத்திரியார் வீட்டுக்குப் போனேன்.

சாத்திரியார் சுவிஸ் நேரத்தை எங்கள் நேரமாக்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி, இரண்டு பஞ்சாங்கத்தையும் எடுத்து விரித்தார். யாழ்ப்பாணத்தில் பஞ்சாங்கம் இரண்டு: வாக்கியம் ஒன்று, திருக்கணிதம் ஒன்று. இரண்டும் ஒரே வானத்தைப் பார்த்துத்தான் எழுதப்படுகின்றன, ஆனால் நேரத்தில் ஒத்துப்போவது குறைவு. அதனால் ஒரு கோயிலில் வருடப் பிறப்புக்கு மருத்துநீர் ஒரு நேரத்தில் வைப்பார்கள், அடுத்த கோயிலில் வேறு நேரத்தில். எங்கள் பிள்ளை பிறந்த நேரம் சரியாக இரண்டுக்கும் நடுவில் மாட்டுப்பட்டுவிட்டது. வாக்கியத்தின்படி அனுஷம் முடிய இன்னும் கொஞ்சம் கிடந்தது. திருக்கணிதத்தின்படி கேட்டை தொடங்கிவிட்டது. அனுஷத்துக்கு ந, நி, நு, நே. கேட்டைக்கு நோ, ய, யி, யு. உங்கள் வீடு எது என்று சாத்திரியார் கேட்டார். பரம்பரையாக வாக்கியம் என்றேன். அப்படியென்றால் அனுஷம், வேறு யோசனை வேண்டாம், நல்ல நட்சத்திரம் என்று சொல்லிப் பஞ்சாங்கத்தை மூடிவிட்டார். இரண்டில் எதை எடுத்தாலும் ஒரு பிழையும் இல்லை என்றும் சொன்னார். அதை நான் நன்றாகக் கேட்டுக்கொண்டேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே நினைவு. நி என்ற எழுத்து வந்திருக்கிறதே.

என்னிடம் ஒரு பேர் இருந்தது. நிவேதனா. வட்டுக்கோட்டை மாப்பிள்ளை பேசிவந்த அந்த மாதங்களில், பிறக்காத பிள்ளைக்கு நானே வைத்த பேர். கடையில் மூடை எண்ணும்போது, வரிசையில் நிற்கிற சனத்தோடு சண்டை பிடிக்கும்போது, உள்ளுக்குள் அந்தப் பேரைச் சொல்லிப் பார்ப்பேன். கலியாணம் குழம்பிய பிறகும் அந்தப் பேரை யாருக்கும் குடுக்கவில்லை. எத்தனையோ பேர் தங்கள் பிள்ளைகளுக்குப் பேர் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். வேறு எதையாவது சொல்லி அனுப்பிவிடுவேன்.

அன்று பின்னேரம் ஆறு மணிபோல் அவன் எடுத்தான். அங்கே மத்தியானச் சாப்பாட்டு வேலை முடிந்து கிடைக்கிற ஓய்வு நேரம் அது, ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்திருந்தான். எழுத்தைச் சொன்னேன். பிறகு, சும்மா நினைவுக்கு வந்ததுபோல, நிவேதனா என்றால் எப்படி என்று கேட்டேன். அவன் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். தர்சினியைக் கூப்பிட்டுச் சொன்னான். அவளும் சொல்லிப் பார்த்தாள். சுவிஸ்காரருக்கும் வாயில் வரும் என்று இரண்டு பேரும் சந்தோசப்பட்டார்கள். "இதுதான் அக்கா, முடிவு," என்றான். கால் மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது.

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. அன்றைக்கு அரைச் சுண்டு அரிசி போடுகிற இடத்தில் ஒரு சுண்டு போட்டுப் பாயசம் காய்ச்சினேன். குடிக்க ஆள் இல்லாமல் அடுத்த நாளும் நானே குடித்தேன்.

அதற்குப் பிறகுதான் பிரச்சினை. அடுத்த நாள் ஆறு மணிக்கு நான் தலை இழுத்து, முகம் கழுவி, போனை அங்கர் பால்மா ரின்னில் சாய்த்து வைத்துவிட்டு இருந்தேன். எடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் எடுக்கவில்லை. பிள்ளை பிறந்த வீடு, வேலை கூடுதல் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். முந்தியும் அவன் இரண்டு கிழமைக்கு ஒருக்கால்தான் எடுப்பான், "சாப்பிட்டியளே, மழையே, வைக்கிறன்" என்று முடிப்பான். அதுதான் வழமை. ஆனால் பேர் கேட்ட அன்றைக்கு அவன் என்னோடு கதைத்த கதை வேறு. அவனுக்கு நான் தேவைப்பட்டேன். ஒரு மனுசிக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தனியே சமைத்துச் சாப்பிடாதவர்களுக்கு விளங்காது.

நானாக எடுத்தேன். பின்னால் சட்டி பானைச் சத்தம். பிறகு எடுக்கிறேன் அக்கா என்றான். எடுக்கவில்லை.

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள், விளக்கு வைத்துவிட்டு வந்து, போனை எடுத்து ஒரு வொய்ஸ் அனுப்பினேன். இப்போதும் அந்தச் சொற்கள் எனக்கு மனப்பாடம்.

"தம்பி, சாத்திரியார் திரும்பப் பார்த்தவராம். திருக்கணிதத்தின்படி பிள்ளை கேட்டையாம். கேட்டையிலை பிறந்த பிள்ளையை அனுஷத்தின்ரை எழுத்திலை கூப்பிட்டால், கூப்பிடக் கூப்பிடத் தகப்பனுக்குக் கூடாதாம். அந்தப் பேர் வேண்டாமப்பன். வேறை பாப்பம்."

இந்தப் 'பாப்பம்' என்ற சொல்லுக்காகத்தான் இவ்வளவும். சாத்திரியார் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் அனுப்பிவிட்டு மூச்சை இழுத்து விடுவதற்குள் போன் அடித்தது.

அதற்குப் பிறகு தினமும் அடித்தது. ஆறு மணி என்றால் ஆறு மணி. தர்சினி இணையத்தில் தேடி எடுத்த பேர்களை அவன் வாசிப்பான். நான் கேட்டுக் குற்றம் சொல்லுவேன். யாழினியா, ஊரில் பத்துப் பேர். யதுஷாவா, அந்தப் பேரில் சுன்னாகத்தில் ஒரு புடவைக்கடை இருக்கிறது. யுகாந்தியா, உலகம் முடிகிற மாதிரிக் கிடக்கு. எழுத்துச் சரியென்றால் எண் பிழை, எண் சரியென்றால் பொருள் பிழை. சங்கக்கடையில் ஒரு மூடைச் சீனியை வைத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சமாளித்தவளுக்கு இது ஒரு வேலையா. அவன் சிரிப்பான். சிரித்துக்கொண்டே வேறு கதைக்குப் போய்விடுவான். வெங்காயம் வெட்டுகிற மிசினைப் பற்றி, முதலாளியின் நாயைப் பற்றி, சின்ன வயதில் நான் அவனுக்கு ஒடியல் கூழ் காய்ச்சிக் குடுத்ததைப் பற்றி. ஒருநாள் ஒரு மணித்தியாலம் கதைத்தோம். போனை வைத்த பிறகு வீடு முழுக்க அவன் குரல் கொஞ்ச நேரம் நின்றது.

வீட்டில் போடுகிற புதுச் சோட்டி இரண்டு வாங்கினேன், வீடியோவில் சட்டை பழசாய்த் தெரிகிறதென்று. அறைக்கு வெளிச்சமான பல்பு மாற்றினேன். பிள்ளையையும் இடைக்கிடை காட்டுவார்கள். சின்ன மூக்கு, அம்மாவின் நெற்றி. நான் "பிள்ளை, பிள்ளை" என்று கூப்பிடுவேன். அவர்களும் என் முன்னால் "பிள்ளை" என்றுதான் சொன்னார்கள். வேறு எப்படிச் சொல்வது, பேர்தான் இல்லையே என்று நினைத்தேன். தம்பி மட்டும் போனை எப்போதும் முகத்துக்குக் கிட்டப் பிடிப்பான். இடது கையால் பிடிப்பான் போலிருக்கும், படம் ஒரு பக்கம் சரிந்து வரும். நேராகப் பிடியடா என்று ஏசினேன். ஏன் இடது கை என்று கேட்கத் தோன்றவில்லை.

பிள்ளை பிறந்து முப்பத்தொன்று வந்தது. துடக்குக் கழிக்கிற நாள், பிள்ளையின் காதில் பேர் சொல்லுகிற நாள். அவர்கள் வீட்டுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்துப் பிள்ளையை முழுக வார்த்தார்கள், நான் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். பேர் சொல்லவில்லை. அது பிறகு என்று விட்டுவிட்டார்கள். தர்சினியின் முகம் அன்று வாடியிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பச்சை மண்ணைப் பேரில்லாமல் வைத்துக்கொண்டு நான் என் பின்னேரங்களை நிரப்புகிறேன் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடித்துவிடுவது என்று தீர்மானித்தேன். சாத்திரியார் மூன்றாம் முறை பார்த்தார், அனுஷம்தான், நிவேதனாவையே வையுங்கள் என்று சொல்லிவிட்டால் என் பேரும் பிள்ளைக்கு, பழியும் பஞ்சாங்கத்துக்கு. நல்ல கணக்காகத்தான் தெரிந்தது.

ஞாயிறு காலை நானே எடுத்தேன். ஆறு மணி வரைக்கும் பொறுக்க முடியவில்லை. அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் இருக்கும். தர்சினி எடுத்தாள். பிள்ளையை வண்டிலில் வைத்து வெளியே கொண்டுபோக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள் போல. என்னைக் கண்டதும் கொஞ்சம் தடுமாறினாள். பிள்ளையைக் காட்டு என்றேன். போனைத் திருப்பினாள். அவசரத்தில் திருப்பிய போன் பிள்ளையையும் காட்டியது, பின்னால் இருந்த வாசல் கதவையும் காட்டியது.

கதவுக்குப் பக்கத்துச் சுவரில் பலகையில் வெட்டிப் பெயின்ற் அடித்த ஒரு பெரிய கொக்கு நின்றது. சொண்டில் ஒரு துணிப் பொட்டலம். பொட்டலத்தில் சிவப்பு எழுத்து, இங்கிலிசில், ஒவ்வொன்றும் கைப்பிடி அளவில். நான் கண்ணாடி போட்டிருக்கவில்லை. போட்டிருக்கத் தேவையுமில்லை.

நிவேதனா.

"உது என்ன பிள்ளை, கதவடியிலை?" என்று கேட்டேன்.

தர்சினி போனைக் கொண்டுபோய்த் தம்பியிடம் குடுத்தாள். அவன் கட்டிலில் இருந்தான். நினையாத நேரத்தில் நான் எடுத்ததில் போனை முகத்துக்குக் கிட்டப் பிடிக்க மறந்துவிட்டான். வலது கை முழங்கை வரைக்கும் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது.

எனக்கு எதை முதலில் கேட்பது என்று தெரியவில்லை. அவன்தான் சொன்னான். சுவிசில் பிள்ளை பிறந்தால் மூன்று நாளைக்குள் பேர் குடுத்துப் பதிய வேண்டுமாம். நான் சொன்ன அன்றைக்கே குடுத்துவிட்டார்கள். அந்தக் கொக்கு அங்கத்தைய வழக்கம், பிள்ளை பிறந்த வீட்டு வாசலில் நிற்குமாம், ரெஸ்ரோறண்டில் கூட வேலை செய்கிறவர்கள் செய்து கொண்டுவந்து பூட்டிவிட்டுப் போனார்களாம்.

"பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?"

"எப்பிடிச் சொல்லுறது அக்கா? நீங்கள் ஆசையாய்ச் சொன்ன பேர். பிறகு நீங்களே கூடாது எண்டியள். பதிஞ்சாச்சு எண்டு தெரிஞ்சால் நித்திரை கொள்ளமாட்டியள். வேறை நல்ல பேர் கிடைக்கட்டும், மாத்திப்போட்டுச் சொல்லுவம் எண்டு விட்டது."

கை என்னவென்று கேட்டேன். நான் வொய்ஸ் அனுப்பிய அடுத்த கிழமை, பொரிக்கிற எண்ணெய்ச் சட்டி சரிந்துவிட்டதாம். பெரிய காயமில்லை, ஆறுகிறது என்றான். எனக்குத் தெரிய வேண்டாம் என்று அவன் அதையும் மறைத்திருக்கிறான். அன்றிலிருந்து அவன் வேலைக்கே போகவில்லை. ரெஸ்ரோறண்ட் ஓய்வு நேரம் என்று நான் நினைத்த ஆறு மணிகளில் அவன் இந்தக் கட்டிலில்தான் இருந்திருக்கிறான். வெங்காய மிசினும் முதலாளியின் நாயும் பழைய கதைகள்.

"தர்சினி நல்லாய்ப் பயந்திட்டாள் அக்கா. நீங்கள் சொன்னது சரியாய் வந்திட்டுது எண்டு. அண்டையிலை இருந்து அந்தப் பேரை வாயாலை சொல்ல மாட்டன் எண்டிட்டாள். இப்ப ஒண்டு சரிவந்திருக்கு. யுவிஷா. எண்ணும் அஞ்சு. மாத்தக் குடுத்தாச்சு, நீங்கள் ஒருக்கால் ஓம் எண்டால் சரி."

நான் ரின்னில் சாய்த்திருந்த போனைக் கையில் எடுத்தேன். எனக்குப் பொய் சொல்லத் தெரியும், பொய்யைத் திரும்ப எடுக்கத்தான் பழக்கமில்லை.

"செல்வன், வடிவாய்க் கேள். சாத்திரியார் ஒண்டும் சொல்லேல்லை. அந்தப் பேரிலை ஒரு குறையும் இல்லை. நான்தான் பொய் சொன்னனான். நீ எடுக்கிறாயில்லை எண்டு சொன்னனான். உன்னோடை கதைக்க வேணும் எண்டு சொன்னனான்."

ஏசுவான் என்று பார்த்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரி அக்கா," என்றான் மெல்ல. "எங்களுக்காகப் பழியைத் தலையிலை போடாதேங்கோ."

தர்சினியிடம் போனைக் குடு என்றேன். அவளிடமும் அப்படியே சொன்னேன், ஒரு சொல் விடாமல். அவள் கண் கலங்கிவிட்டது.

"நீங்கள் தங்கமான மனுசி மச்சாள். நாங்கள் யோசிக்கக் கூடாது எண்டு உப்பிடிச் சொல்லுறியள், எனக்கு விளங்குது. அவரின்ரை கையைப் பாத்தனீங்கள்தானே. இனி அந்தப் பேர் வேண்டாம்."

என் ஐம்பத்து மூன்று வயதில் நான் சொன்ன பொய்களை எல்லாம் சனம் நம்பியிருக்கிறது. சீனி நாளைக்கு வரும் என்றால் நம்பிப் போவார்கள். சொன்ன ஒரே உண்மையை ஒருவரும் நம்பவில்லை. நம்பாததோடு என்னை நல்லவள் என்றும் சொல்லிவிட்டார்கள். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அன்றே சாத்திரியாரிடம் ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் மனுசன் சீறி விழுந்தார். தன் பேரைச் சொல்லி ஒரு தாயைப் பயப்படுத்த எனக்கு யார் உரிமை தந்தது என்று கேட்டார். சரிதானே, கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு மனம் இரங்கி என் போனிலேயே தம்பியோடு கதைத்தார். தான் அப்படிச் சொல்லவே இல்லை, அனுஷத்து எழுத்தில் ஒரு தோஷமும் இல்லை என்று அறுத்து உறுத்துச் சொன்னார். நான் கும்பிடப் போனேன். அதற்குள் தர்சினி போனை வாங்கி ஏதோ கேட்டாள். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சரி பிள்ளை, தாய்க்குப் பயமாய் இருக்கிற பேரைப் பிள்ளைக்கு வைக்கக் கூடாது, உன் மனம் பிடித்த பேரை வை என்று சொல்லிப் போனை என்னிடம் தந்துவிட்டார். அவர் சொன்னதிலும் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு ஒழுங்கை முடியும்வரை நடந்தேன், ஏறி ஓடுகிற நிலையில் நான் இல்லை.

பேர் மாறிவிட்டது. யுவிஷா என்றால் என்ன பொருள் என்று தர்சினியைக் கேட்டேன். பொருள் இல்லை மச்சாள், ஆனால் வடிவாயிருக்கு என்றாள். வடிவாய்த்தான் இருக்கிறது. பிள்ளையும் அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். கொக்கைக் கழற்றி நிலவறையில் வைத்திருக்கிறார்களாம். செய்து தந்தவர்கள் கோபிப்பார்கள் என்று எறியவில்லையாம். தம்பியின் கை ஆறிவிட்டது. வேலைக்குப் போகிறான். இரண்டு கிழமைக்கு ஒருக்கால் எடுக்கிறான். சாப்பிட்டியளே, மழையே, வைக்கிறன். நான் ஓம் என்பேன். ஆறு மணிக்குத் தலை இழுக்கிற பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. இழுத்துவிட்டு இருப்பேன். வெளிச்சப் பல்பு வீணாக எரிகிறதே என்று பிறகு எழுந்து நிற்பாட்டுவேன்.

வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறேன். போன வெள்ளி பிள்ளையின் பேரில் அர்ச்சனை செய்ய ரிக்கற் வாங்கினேன். வாங்கிக்கொண்டு இரண்டு எட்டு நடந்தேன். திரும்பிப் போய் இன்னொன்று வாங்கினேன்.

ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு பேர் நட்சத்திரம் கேட்டார். யுவிஷா, கேட்டை நட்சத்திரம், தம்பியின் பிள்ளை என்றேன். அவர் மூலஸ்தானத்தைப் பார்த்துச் சொன்னார். பிறகு இரண்டாவது ரிக்கற்றைப் பார்த்தார்.

"நிவேதனா," என்றேன். "அனுஷம்."

வாய்விட்டு நான் அந்தப் பேரைச் சொல்லிக் கன நாள். ஐயருக்கு நல்ல கணீரென்ற குரல். அவர் அதைச் சொன்னபோது கோயில் முழுக்கக் கேட்டது. எனக்குப் பக்கத்தில் நின்ற யாரோ ஒருத்தி திரும்பிக்கூடப் பார்த்தாள், எந்தப் பிள்ளை என்று.

விபூதி தரும்போது ஐயர் கேட்டார், "தம்பிக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளே?"

"ஓம் ஐயா, ரெண்டு. ஒராள் சுவிசிலை. மற்றவ என்னோடை."

அவர் தலையை ஆட்டினார். விபூதியையும் பூவையும் இரண்டு இலைத் துண்டில் தனித்தனியாக வைத்துத் தந்தார்.